மயில்வாகனம் கட்டிய வேப்பிலை

கண்டாவளையில் மயில்வாகனத்தின் வீடு எது என்று கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள். 'ஏனண்ணை' வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையைக் காட்டிவிடும். வாயைத் திறந்தால் 'ஏன்' என்ற கேள்விதான் முதலில் வரும் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. களைநாசினி விற்க வந்தவரை மறித்து, இந்த மருந்து புல்லைக் கொல்லுதே, பக்கத்தில் நிற்கும் நெல்லை ஏன் விடுகிறது என்று கேட்டு, அந்த மனிதனின் மத்தியானச் சாப்பாட்டைக் கெடுத்தவர். புதிதாக வாங்கிய இறைப்பு மெசினை இரண்டாம் நாளே கழற்றிப் பார்த்தவர். திரும்பப் பூட்டியபோது ஒரு ஆணி மிஞ்சிவிட்டது. மெசின் இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் அந்த ஆணி எதற்காக இருந்தது என்ற யோசனை மட்டும் அவரை விடவில்லை.

அறுபதை நெருங்கும் நெல் விவசாயி. தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியில் வேரூன்றிய குடும்பம். மனைவி ஜெகதீஸ்வரிக்குப் பேச்சுக் குறைவு. புருசனையும் மனைவியையும் கூட்டி இரண்டாகப் பிரித்தால் அளவான இரண்டு மனிதர் வருவார்கள் என்று ஊரில் பகிடி விடுவார்கள். பிள்ளைகள் கலியாணம் கட்டித் தூர இடங்களுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இவர்கள் இருவரும் இரண்டு மாடும்தான்.

போன வருசம் ஜெகதீஸ்வரியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வெட்டி எடுத்தார்கள். பிறகு, இனி மருந்து ஏற்ற வேண்டும், மூன்று கிழமைக்கு ஒரு தடவை வரவேண்டும் என்றார்கள். பரந்தன் சந்திக்கு வந்து யாழ்ப்பாண பஸ் பிடித்துப் போகவேண்டிய ஆஸ்பத்திரி. மயில்வாகனம் பயந்துதான் போனார். ஆனால் பயந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

அங்கே புற்றுநோய் வாட்டில் சுரேகா என்று ஒரு தாதி. எல்லாரும் மிஸி என்றே கூப்பிடுவார்கள். வாசலில் வைத்தே, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார் அவர். மயில்வாகனம் கழுவினார். கழுவிவிட்டு ஏன் என்று கேட்டார். மிஸி சிரித்தார். வேலை ஓய்ந்திருந்த நேரம் போலும், இருந்து சொன்னார். இந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாதாம். உடம்பில் எது எது கெதியாக, விறுவிறென்று வளருகிறதோ அதையெல்லாம் அடிக்குமாம். புற்று கெதியாக வளரும், அதை அடிக்கும். தலைமயிரும் கெதியாக வளரும், அதனால்தான் மயிர் கொட்டுகிறது. இரத்தத்தில் வெண்குழியம் என்று ஒன்று இருக்கிறது, உடம்புக்கு அதுதான் காவல். அதுவும் இந்த அடியில் சாகும். மருந்து ஏற்றி ஒரு கிழமை போக, காவல் மிகவும் குறைந்துவிடும். பிறகுதான் மெல்ல மெல்ல ஏறும். அந்த இடைநாட்களில் ஒரு சின்னக் கிருமி போதும், ஆளையே கொண்டுபோய்விடும்.

"அப்ப எங்கடை வயல் மருந்து இதைவிடக் கெட்டித்தனம், மிஸி," என்றார் மயில்வாகனம். "அது புல்லை மட்டும்தானே பிடிக்குது."

அன்றைக்கு அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது அதுவல்ல. கிருமி வெளியிலிருந்துதான் வரும் என்றில்லை, நோயாளியின் சொந்த வாயிலும் குடலிலும் காலம் காலமாகச் சும்மா கிடக்கிறதுகளே காவல் குறைந்தது கண்டால் எழும்பும் என்று மிஸி சொன்னதுதான். அதனால்தான் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், பல்லை மெல்லிய தூரிகையால் விளக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து மயில்வாகனம் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் வாயை நெடுநேரம் திறந்து பார்த்தார். அங்கே பாக்குக் கறையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வாசல் படலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் கானைக் கட்டித் தூக்கி, அதன் கழுத்தில் கயிறு போட்டு, கயிற்றின் நுனியில் ஒரு தடியைக் கட்டினார். காலால் தடியை மிதித்தால் கான் சரிந்து தண்ணீர் வரும். அழுக்குக் கையால் குழாயைத் திறந்து, கழுவிய கையால் அதே குழாயைப் பூட்டுகிற முட்டாள்தனம் அவருக்குப் பொறுக்கவில்லை. சவர்க்காரத்தைப் பழைய காலுறையில் போட்டுத் தொங்கவிட்டார். ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. பார்த்துச் சிரித்துவிட்டு, அதைக் கடந்து நேரே உள்ளே போனது.

இதுதான் பிழை நடந்த இடம். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு வருத்தம் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பகை. போகிறவர் வெறுங்கையோடு போகமுடியாது. கூப்பன் கடைச் சந்தியில் ஒரு குலை திராட்சை, எங்கள் பேச்சில் முந்திரிகைப் பழம், வாங்கவேண்டும். வீட்டுக்காரர் அந்தப் பழத்தை வாங்கி வைக்காவிட்டால் அதுவும் பகை. முதல் மருந்து ஏற்றி வந்த கிழமை வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஒருத்தி ஜெகதீஸ்வரியின் நாடியைப் பிடித்துக் கொஞ்சினாள். இன்னொருவர் கட்டிலில் ஏறி இருந்து தும்மிவிட்டு, அது தூசி என்றார். மயில்வாகனத்தின் தமக்கை மூக்கைச் சீறிக்கொண்டு வந்தார். தள்ளி இருக்கச் சொன்னதற்கு, தனக்கு ஒன்றுமில்லை, வெறும் தடிமன்தான், கூடப்பிறந்த தம்பி வீட்டில் தனக்கு வாசல் மறியலா என்று கேட்டு அழுதார். கேள்வி கேட்டே வளர்ந்த மனிதர் அந்த ஒரு கேள்விக்கு வாயடைத்துப் போனார்.

கிழமை திரும்பவில்லை, ஜெகதீஸ்வரிக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தனி அறையில் கிடத்தி, ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கையைவிட்டுப் போயிருக்கும் என்று பெரிய டொக்டர் சொன்னார். அடுத்த தடவை இப்படி ஆட்களை விடவேண்டாம் என்றும் சொன்னார். சொல்வது சுலபம். அவருக்குத் தமக்கை இல்லைப் போலும்.

அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த நாட்களில் மயில்வாகனம் ஒரு காரியத்தைக் கவனித்தார். கதவில் சிவப்பு எழுத்தில் பெரிய பலகை தொங்கியது, உள்ளே வரவேண்டாம் என்று. வந்தவர்கள் அதை வாசித்தார்கள். எழுத்துக் கூட்டி, சத்தமாகவும் வாசித்தார்கள். வாசித்துவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் சனம் எந்த அடையாளத்துக்குத்தான் கால் பின்வைக்கும் என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. ரயில் படலை விழுந்தாலும் சனம் நிற்காது, கீழால் புகுந்து சைக்கிளை இழுத்துக்கொண்டு போகும். கண்ணிவெடி என்று மண்டையோடு கீறிய பலகைக்கு ஒரு காலம் எல்லாரும் நின்றோம். ஆனால் அதைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நாட்டமுடியாது.

விடை, வீடு திரும்பும் வழியில் பரந்தனில் கிடைத்தது. ஒரு வீட்டுப் படலையில் வேப்பங்குழை கட்டியிருந்தது. மீன்காரன் அந்த வீடு வந்ததும் கூவலை நிறுத்தி, சைக்கிளை விட்டு இறங்கி, மறுகரையால் தள்ளிக்கொண்டு போனான். தபால்காரர் றோட்டில் நின்றே ஆளைக் கூப்பிட்டார். அங்கே அம்மாள் வந்திருக்கிறாள், அதாவது வீட்டில் யாருக்கோ கொப்பளிப்பான் போட்டிருக்கிறது. ஒரு எழுத்தில்லை, ஒரு காவல்காரன் இல்லை. நாலு குழை வேப்பிலை.

இரண்டாம் தடவை மருந்து ஏற்றி வந்த அன்றே மயில்வாகனம் படலையில் வேப்பிலை கட்டினார். ஜெகதீஸ்வரி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாளின்ரை பேரிலை பொய் சொல்லாதேங்கோ," என்றாள்.

"ஆக்களைத் தள்ளி வைக்கிறதுதானே அவாவின்ரை வேலை? அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றார் இவர். அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசாதது சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவருக்கு முப்பது வருசப் பழக்கம்.

வேப்பிலை வேலை செய்தது, எப்படிச் செய்தது! ஒரு சனம் படலை தாண்டவில்லை. தமக்கை ஒழுங்கை முனையில் நின்று, புற்றோடு அம்மாளும் சேர்ந்ததா என்று ஒப்பாரி வைத்துவிட்டு, பொரிக்காதே, தாளிக்காதே என்று கூவிப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். யாரோ இளநீரைப் படலையடியில் வைத்துவிட்டு மறைந்தார்கள். அம்மாள் வந்த வீட்டில் மீன் மணக்கக்கூடாது. மிஸியோ மீனும் முட்டையும் நன்றாக அவித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். மயில்வாகனம் மீனைக் கைவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு களவாக முட்டை அவித்தார். மனைவிக்குக் காய்ச்சல் இல்லை. வாயில் புண்ணும் இல்லை. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் வயலுக்கு நீர் மாற்ற ஒரு காலை துணிந்து போனார்.

திரும்பி வந்தபோது ஜெகதீஸ்வரியின் பாயில் ஒரு குழந்தை இருந்தது.

பக்கத்துக் காணி ராஜினியின் மகள் சாரங்கா, நாலு வயது. முகத்திலும் கழுத்திலும் நீர்க்கொப்புளம். சிலது புதிதாக, பனித்துளி போல. ஜெகதீஸ்வரி ஒரு முழம் தள்ளிச் சுவரோடு ஒட்டி இருந்தாள். ஆனால் அவளுடைய கையில் வேப்பங்குழை இருந்தது, குழந்தை சொறியாமல் இருக்க அவள் வருடிக்கொண்டிருந்தாள்.

ராஜினியின் புருசனுக்குக் கொழும்பில் வேலை. அவளுக்குக் கிளிநொச்சித் தையல் தொழிற்சாலையில் வேலை. பிள்ளைக்கு அம்மாள் போட்டதும் வைத்துக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். அம்மாள் உள்ள வீட்டுக்கு அம்மாள் உள்ள பிள்ளை போனால் யாருக்கு என்ன குறை? உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதுதானே, பின்னேரம் வந்து தூக்குகிறேன் அக்கா என்று படலைக்குள் விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். எங்கள் ஊர்க் கணக்கில் அது நூற்றுக்கு நூறு சரி.

மயில்வாகனத்துக்குத் தனக்கு இளந்தாரி வயதில் கொப்பளிப்பான் வந்தது நினைவிருந்தது, இனித் தொற்றாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலுக்கு அப்பால் நிழலில் இருத்தினார். கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். பிறகு வாட்டுக்குப் போன் எடுத்தார். சுரேகா மிஸி முழுதையும் கேட்டார். குரல் மாறிவிட்டது. காவல் இல்லாத உடம்பில் கொப்பளிப்பான் நெஞ்சுக்குள்ளும் இறங்கும், உடனே வெளிக்கிடுங்கள் என்றார்.

"ஆனா வாட்டுக்குள்ளை நேரை வராதேங்கோ ஐயா. உள்ளுக்கை இருக்கிற எல்லாரும் அவா மாதிரித்தான். கீழை நிண்டு கோல் எடுங்கோ."

அப்போதுதான் அவருக்குத் தான் செய்த வேலையின் நீளம் தெரிந்தது. ஒரு வீட்டுப் படலையில் கட்டிய பொய், ஒரு வாட்டு முழுதையும் தொட்டிருக்கும்.

ராஜினியைத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட வேண்டியிருந்தது. பதறியடித்து வந்தாள், பிள்ளைக்குத்தான் ஏதோ என்று. மயில்வாகனம் நடந்ததைச் சொன்னார். கொப்பளிப்பான் ஒன்றும் இல்லை, ஆட்கள் வராமல் இருக்கத்தான் கட்டினேன் என்றார். அவள் பிள்ளையைத் தோளில் போட்டாள். படலையில் கட்டியிருந்த வேப்பங்குழையை அவிழ்த்தாள். கொண்டுபோய்த் தன் படலையில் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் வேறு வழியால் ஏற்றி, ஒதுக்குப்புறமான அறையில் விட்டார்கள். இளம் பெண் டொக்டர் ஒருவர் முகக்கவசத்தோடு வந்தார். முதல் கேள்வி, அம்மாவுக்குச் சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்ததா?

மயில்வாகனம் மனைவியைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. நெல்லையும் புல்லையும் மெசின் ஆணியையும் கேட்டவர், முப்பது வருசம் கூட இருந்தவளிடம் அதைக் கேட்டதில்லை. ஜெகதீஸ்வரிக்கும் நிச்சயமில்லை. ஐந்து வயதில் ஏதோ வந்ததாம், தாய் வேப்பிலை கட்டினாவாம். ஆனால் உடம்பெல்லாம் சிவப்பாய்த் தடிக்கும் சின்னமுத்துக்கும் வேப்பிலைதான், கொப்பளிப்பானுக்கும் வேப்பிலைதான். வேப்பிலை எதுவென்று சொல்லாது. கேட்கத் தாயும் இப்போது உயிரோடு இல்லை.

"சின்னமுத்து தழும்பு விடாது. கொப்பளிப்பான் சில பேருக்கு விடும்," என்றார் டொக்டர். "எங்கையாவது குழி விழுந்த தழும்பு இருக்கோ அம்மா?"

ஜெகதீஸ்வரியின் கை தலைத்துணிக்குப் போனது. மயிர் கொட்டிய நாளிலிருந்து அவள் தலைத்துணியைப் புருசனுக்கு முன்னால் கழற்றியதில்லை. படுக்கும்போதும் கட்டியிருப்பாள். அவரும் கேட்டதில்லை. இப்போது அவள் முடிச்சை அவிழ்த்தாள். துணியை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"நான் பாக்கேலாது. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ," என்றாள்.

மயில்வாகனம் கிட்டப் போனார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தார். வலது காதுக்கு மேலே, மயிர் இருந்த காலம் முழுதும் மயிருக்குள் ஒளிந்திருந்த இடத்தில், பயறு அளவில் ஒரு குழி. அதற்குக் கொஞ்சம் பின்னால் இன்னொன்று.

"இருக்கு," என்றார். "இரண்டு இருக்கு. இவ்வளவு நாளும் இருந்திருக்கு."

டொக்டரும் பார்த்தார். நல்ல அடையாளம்தான், ஆனால் தழும்பை நம்பித் தான் இருக்கமாட்டேன் என்றார். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, குளிசையும் கொடுக்கத் தொடங்கினார். கொப்பளிப்பான் தொற்றினால் வெளியே தெரிய இரண்டு மூன்று கிழமை செல்லும். அதுவரை தனி அறை. மயில்வாகனம் ஒவ்வொரு விடியலிலும் அவளுடைய முகத்தை, கழுத்தை, முதுகைத் தேடித் தேடிப் பார்த்தார். ஒரு நுளம்பு கடித்துத் தடித்த புள்ளி அவரை அரை நாள் பைத்தியமாக்கியது. தலைத்துணியை அவள் பிறகு கட்டவில்லை. கட்டச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

சோதனை முடிவு வந்தது. ஐந்து வயதில் வந்தது கொப்பளிப்பான்தான், உடம்பு அதை மறக்கவில்லை என்றார் மிஸி. காவலாளர் செத்தாலும் பழைய கள்ளனின் முகம் அடையாளம் இருக்குமா, எங்கே எழுதி வைத்திருக்கும் என்று மயில்வாகனம் தொடங்கினார். ஜெகதீஸ்வரி கையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார். குறித்த காலம் கடந்தும் ஒரு கொப்புளம் போடவில்லை. மூன்றாம் தடவை மருந்தையும் ஏற்றி வீட்டுக்கு விட்டார்கள்.

ஆட்டோ ஒழுங்கைக்குள் திரும்பியபோது மயில்வாகனத்துக்கு இறங்கக் கூசியது. கதை ஊர் முழுக்கப் பரவியிருக்கும். அம்மாளை வைத்து ஊரை ஏமாற்றியவன் என்று தமக்கை எல்லார் காதிலும் போட்டிருப்பார். படலையடியில் ராஜினி நின்றாள். சாரங்காவுக்குப் பொருக்கெல்லாம் விழுந்து ஆறிவிட்டதாம். ஆனாலும் பிள்ளையைக் கூட்டிவரவில்லை. ஜெகதீஸ்வரி இறங்கி உள்ளே போகும்வரை அவள் தள்ளி நின்றாள். பிறகு மயில்வாகனத்தை மறித்தாள்.

"அண்ணை, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் பிள்ளையைக் கொண்டு வந்திருப்பனோ?"

அவர் தலையைக் குனிந்தார்.

"ஊர் உலகத்தை எல்லாம் ஏன், ஏன் எண்டு கேக்கிற ஆள் நீங்கள். வராதேங்கோ எண்டு மட்டும்தானே எங்களுக்குச் சொன்னனீங்கள்? ஏனெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

அவள் சொன்னது உண்மைதான். மயில்வாகனம் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார், கிடைத்தது, விளங்கியது, கழுவினார். ஊருக்கு மட்டும் காரணம் தேவையில்லை, ஒரு குழை போதும் என்று நினைத்துவிட்டார். தமக்கை அழுத அன்று, வெண்குழியம் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எப்போதும் திறந்தே கிடக்கிற அந்த வாய், திறக்கவேண்டிய இடத்தில் மூடிக் கிடந்தது. வெட்கமாக இருந்தது.

"பிழைதான் பிள்ளை," என்றார். "இப்ப சொன்னாக் கேப்பியோ?"

ராஜினி கானடியில் நின்று தடியை மிதித்தாள். தண்ணீர் வந்தது. கையைக் கழுவிக்கொண்டே, "சொல்லுங்கோ," என்றாள்.

மறுநாள் படலையடியில் ஒரு கதிரை போட்டுக்கொண்டு மயில்வாகனம் இருந்தார். வந்தவர் எல்லாரையும் இருத்தி, கெதியாக வளருகிறதை அடிக்கும் மருந்திலிருந்து தொடங்கி, தலைமயிர், வெண்குழியம், வாய்க்குள் கிடக்கும் கிருமி, தடிமன், முந்திரிகைப் பழத்தின் தோலில் ஒட்டி வரும் கிருமி என்று ஒன்றும் விடாமல் சொன்னார். சிலர் விளங்கித் திரும்பினார்கள். சிலர் கதை நீளம் என்று பாதியில் திரும்பினார்கள். எப்படியோ திரும்பினார்கள். தமக்கை மட்டும் கடைசிவரை இருந்து கேட்டார். அவருக்கு அன்றைக்கும் தடிமன். எழும்பிச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே போகாமல், வேலியோடு சுற்றிப்போய் யன்னலுக்கு நேரே எட்ட நின்றார்.

யன்னலில் ஜெகதீஸ்வரி இருந்தாள், தலையில் துணி இல்லாமல். தமக்கை பார்த்துவிட்டு விம்மினார்.

"இதை உவன் முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"என்னட்டையும்தான் அவர் ஒண்டும் கேக்கேல்லை, மச்சாள்," என்றாள் ஜெகதீஸ்வரி. "இப்பதான் கேக்கப் பழகிறார்."